ஐந்து மிளகும் ஒரு மாத்திரையும்

சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் பிற்பகல், திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அம்மாவின் கட்டிலருகே அப்பா இருந்தார், தங்கை இருந்தாள். நான் இல்லை. சென்னையில் பொது மருத்துவ மேற்படிப்பு இரண்டாம் ஆண்டு, வார்டில் இருந்தேன். அம்மாவுக்கு மருந்து எழுதித் தந்தவன் நான்தான்.

அம்மா பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். பல வருடமாகச் சர்க்கரை. ஷிப்மென்ட் நெருங்கினால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். பழைய மாத்திரையில் சர்க்கரை சட்டென்று இறங்கி, இரண்டு முறை செக்கிங் மேஜையிலேயே வியர்த்துச் சாய்ந்திருக்கிறார். அதனால்தான் சஷ்டி விரதம் வேண்டாம் என்று நான்கு வருடமாகத் தடுத்து வைத்திருந்தேன். ஆடியில் ஊருக்கு வந்தபோது அந்தப் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு, சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் புது மாத்திரையைத் தொடங்கினேன்.

“இதுல சுகர் அப்படி எறங்காதுங்கம்மா. ஒரு நேரம் சாப்பாடு தள்ளிப்போனாலும் பயமில்ல.”

“இத மொதல்லயே குடுத்திருக்கலாமல்லோ கண்ணு?”

“இப்பத்தான பாதி டாக்டரு ஆயிருக்கறான், அதுக்குள்ள அவசரப்பட்டா எப்புடி?” என்று அப்பா சிரித்தார்.

அடுத்த மாதம் எங்கள் துறைக் கூட்டத்தில் இதே மாத்திரையைப் பற்றி நான் பேசினேன். யாருக்குத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று. அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிட முடியாதபோதும் நிறுத்த வேண்டும். இல்லையேல் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் சேர்ந்து இரத்தம் அமிலமாகும். அப்போதும் சர்க்கரை பெரிதாக ஏறாமல் நம்மை ஏமாற்றும். நன்றாகச் சொன்னாய் என்றார் பேராசிரியர். சாப்பிட முடியாதவர்களைப் பற்றி மட்டுமே சொன்னேன். வேண்டிக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, அம்மாவுக்கு நேத்திருந்து வாந்திங்கண்ணா. வயிறும் வலிக்குதாம்.”

“சுகர் பாத்தியா?”

“நூத்தி அறுவத்தெட்டுங்கண்ணா.”

“அப்பப் பயமில்ல. வாந்தி மாத்திரை குடு. தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லு.”

வைத்துவிட்டு ரவுண்ட்ஸுக்குப் போனேன். அம்மா என்ன சாப்பிட்டார் என்று கேட்கவில்லை. முன்பின் தெரியாத நோயாளியாக இருந்தால் கேட்டிருப்பேன்.

மூன்று மணிக்கு அம்மாவுக்கு மேல்மூச்சு வாங்க, ஆட்டோவில் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் என்னைவிட இளைய மருத்துவர். அவர் கேட்டார்: “கடைசியா எப்பங்க சாப்பிட்டாங்க?”

“சஷ்டிங்க. மிளகு விரதம்” என்றார் அப்பா. “மொத நாளு ஒரு மிளகு, ரெண்டாம் நாளு ரெண்டு, இன்னிக்கு அஞ்சுங்க. மேல தண்ணி மட்டும். ஆனா மாத்திரைய ஒரு நாளும் உடலீங்க. பையன் சொல்லியிருக்கறான்.”

அவர் உடனே கீட்டோன் பார்த்தார். பிறகு எனக்குப் போன் செய்து, இரத்தம் எவ்வளவு அமிலமாகியிருக்கிறது என்று எண்ணைச் சொன்னார். பெட்டியில் எதை எடுத்து வைத்தேன் என்று நினைவில்லை. போனில் அப்பாவின் குரல் மட்டும் கேட்டது: “சுகர் சரியாத்தான் இருக்குங்கறீங்க, அப்பறம் எதுக்குங்க இன்சுலின்?” எனக்குப் பதில் தெரியும். அந்த இன்சுலின் சர்க்கரைக்காக அல்ல, கீட்டோனை நிறுத்த.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோதும் அம்மா மயக்கத்தில்தான் இருந்தார். குளுக்கோஸ் ஒரு பக்கம், இன்சுலின் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் கண் திறந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டது, “சூரசம்ஹாரம் முடிஞ்சுதா சாமி?”

“முடிஞ்சுதுங்கம்மா. ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?”

“சாப்பாடு தள்ளிப்போனாலும் பயமில்லைன்னு நீதான சொன்ன? உன்ற பரீட்சைக்குத்தான் வேண்டியிருந்தேன். ஒரு நாளு பாக்கி நின்னுபோச்சு.”

இப்போது இந்த மாத்திரையை யாருக்கு எழுதினாலும், என்ன விரதம் இருப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏழாம் நாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவின் தீபாவளி போனஸ், அம்மாவின் போனஸ், என் ஒரு மாத உதவித்தொகை எல்லாம் சேர்த்துக் கட்டியது தொண்ணூற்றோராயிரத்து நானூறு ரூபாய்.