விரலுக்குள் ஒரு சிப்பி

மகள் பென்சிலை அகப்பையைப் போல முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கிறாள். இன்று அதைச் சீவிக் கொடுத்தபோது எழுந்த மரவாசத்தில், சாய்ந்தமருதுக் கடலோரத்தில் இருந்த எங்கள் வீடு வந்து நின்றது.

அங்கே எதிலும் மணல்தான், பாயில், சோற்றுக் கோப்பையில், கொப்பித் தாள்களுக்கு இடையிலும்கூட. நான் அழுத்தி எழுதும்போது அடியில் ஒரு மணல்துகள் அகப்பட்டால் பென்சில் முனை தாளைக் குத்திக் கிழித்துவிடும், நான் அழத் தொடங்குவேன், பக்கத்தில் தன் பாடத்தை எழுதிக்கொண்டிருக்கும் ராத்தா, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்த அக்கா, வேலிக்கு வெளியே போய் அலை ஒதுக்கிய சின்னச் சிப்பி ஒன்றைப் பொறுக்கி வந்து, என் கடைசி இரண்டு விரல்களுக்குள் வைத்து மடக்கிவிடுவாள். பென்சிலுக்கு மற்ற மூன்று விரல்களும் போதும். சிப்பி உள்ளே இருக்கும்வரை கை நோகாது, எழுத்தும் தானாக ஓடும்.

"நான் சொன்னாத்தான் உடணும், புள்ள," என்பாள்.

அந்த வீட்டையும் ராத்தாவையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது.

கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் மாவடிப்பள்ளிக்கு வந்தபின் நான் கடற்கரைப் பக்கம் போனதில்லை. அதனால் மகளின் விரல்களுக்குள் ஒரு புளியங்கொட்டையை வைத்து மடக்கினேன். பென்சில் மற்ற மூன்று விரல்களில் இலேசாக நின்றது. ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்ப உம்மா இத உடுற?"

நான் என் வலது கையைப் பார்த்தேன். அதற்குள் ஒன்றும் இல்லை. ஆனாலும் கடைசி இரண்டு விரல்களும் மடங்கியே இருந்தன. ராத்தா இன்னும் சொல்லவில்லை.