சுறாவுக்கு வழி விடு!

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனேன். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இங்கரிட் என்று ஓர் அம்மையார் இருக்கிறார். "தடிமனா?" என்று கேட்டுவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து ஒரு தொண்டை மாத்திரை எடுத்துத் தந்தார். ஓம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

பொய். தடிமனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கத்திய கத்தில் போன குரல் அது. யாருக்காகக் கத்தினேன் என்பதுதான் வெட்கக்கேடு. அதை அந்த அம்மையாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேள்விப்படத்தான் போகிறீர்கள். ஒஸ்லோவில் நம் ஆட்களுக்குள் ஒரு கதை ஹொல்ம்லியாவிலிருந்து ஸ்ட்ரோம்மனுக்குப் போக ரயில் தேவையா என்ன?

இரண்டு கிழமைக்கு முன் அதே ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு மண்டபத்தில், ஒரு பெண்பிள்ளை பெரியவளானதற்கான சாமத்தியவீடு. சாப்பாடு முடிந்துவிட்டது. வீடியோக்காரர் பிள்ளையை இன்னொரு சேலையோடு படியில் நிறுத்தி, "சிரியுங்கோ தங்கச்சி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் மேசையில் பேச்சு றெஜியின் பக்கம் திரும்பியது.

றெஜியை அறியாத புது வாசகர்களுக்காக — மன்னார்க்காரர், ஹொல்ம்லியாவில் குடியிருப்பவர், கராஜ் ஒன்றில் மெக்கானிக். நோர்வேக்காரர்கள் பழைய கார்களின் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, இரும்புக் கம்பியில் கூடு அடித்து, மண் ஓடுபாதையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓட்டுவார்களே, பில்குரொஸ் என்று... அதில் ஓடிய முதல் தமிழன் என்று நாங்கள் அவரைச் சொல்லிக்கொள்வோம். உண்மையிலேயே முதல் தமிழனா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்து ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அவருடைய கார் சுவீடனில் செய்த பழைய கார். நீலப் பெயின்ற். இரண்டு பக்கக் கதவிலும் மஞ்சள் நிறத்தில், தமிழில், பெரிதாக 'சுறா' என்று எழுதியிருக்கும். றெஜியே தூரிகை பிடித்து எழுதியது. றகரத்தின் கால் கொஞ்சம் நீண்டுபோய்ச் சில்லைத் தொடப் பார்க்கும். றெஜியும் கராஜ் நண்பர்கள் இருவரும்தான் அணி. மிச்சம் நாங்கள்.

அவர் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு கோடையும் என்ன ஆட்டம் ஆடினோம்! எங்களுக்கெல்லாம் தலைவர் போல இருக்கும் குணம் அண்ணை வாடகைக்கு பஸ் பிடிப்பார். ஹொல்ம்லியா ரயில் நிலையத்தடியில் ஏறினால், பொரித்த ரோல்ஸ் பெட்டிகளும் மேளமும் போக மிஞ்சிய இடத்தில்தான் மனிதர் உட்காரலாம். முதல் நாள் குணம் அண்ணை ஓட்டம் தொடங்கும் கோட்டிலேயே ஒரு தேங்காயைப் போட்டு உடைத்துவிட்டார். செம்மஞ்சள் கோட்டுப் போட்ட நோர்வே அதிகாரிகள் முழங்காலில் நின்று சிரட்டைத் துண்டு பொறுக்கினார்கள், சில்லில் குத்திவிடுமே என்று. அடுத்த முறையிலிருந்து ஒலிபெருக்கியில் தனி அறிவித்தல் வந்தது: தேங்காய் உடைப்பவர்கள் தயவுசெய்து கார்த் தரிப்பிடத்தில் உடைக்கவும்.

காருக்குள்ளே றெஜி ஒட்டிய அந்தோனியார் படம். சில்லுக்கடியில் நாங்கள் வைத்த எலுமிச்சங்காய். எந்தச் சாமி செய்த வேலையோ, மனிதர் வென்றார். திரும்பத் திரும்ப வென்றார். இரண்டாவது கோடையின் கடைசி ஓட்டத்தில் அவர் முதலாவதாக வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு நோர்வேக்காரரைக் கட்டிப்பிடித்து நான் அழுதிருக்கிறேன். அழுது முடித்ததும் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினோம். எப்போதும் அப்படித்தான் — ஓட்டம் முடிந்த கையோடு பஸ். வீட்டில் இறைச்சிக்கறி ஆறிவிடும் அல்லவா?

அடுத்த கோடை முதல் ஓட்டத்தில் றெஜி தோற்றதாக எஸ்எம்எஸ் வந்தது. இரண்டாவதிலும் தோற்றார். பிறகு பஸ் போகவில்லை. ஒரு ஞாயிறு மழை, ஒரு ஞாயிறு கலியாணவீடு, ஒரு ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி... வருசங்கள் ஓடிவிட்டன.

ஏன் அப்படி விழுந்தார்? சாமத்தியவீட்டு மேசையில் அதுதான் ஆராய்ச்சி.

"தலைக்கனம் பிடிச்சிட்டுது அவனுக்கு" என்றார் குணம் அண்ணை. "நாங்கள் குடுத்த மரியாதை கூடிப்போச்சு."

"கலியாணம் கட்டினவன். பிறகெங்கை கார்?" என்றார் இன்னொருவர்.

எனக்குக் கார் என்றால் பெற்றோல் எந்தப் பக்கத்தால் ஊற்றுவது என்பது மட்டும்தான் தெரியும். சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "எஞ்சினுக்கு ஒழுங்கா எண்ணெய் மாத்தியிருக்க மாட்டான்" என்றேன். பத்தி எழுதுகிறவன் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆட்டினார்கள்.

"எண்ணெய் மாத்தினனான் அண்ணை."

எனக்குப் பின்னால் ஐஸ்கிறீம் கிண்ணத்தோடு றெஜி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மெலிந்த, துடிப்பான ஒரு பெண். எவ்வளவு நேரமாக நின்றார்களோ? குணம் அண்ணை அவசரமாக எழும்பிக் கதிரை இழுத்துப்போட்டார். றெஜியின் முகத்தில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இவ பிறிசில்லா, என்ரை மனிசி" என்றார். "மன்னாரிலையிருந்து வந்து ரண்டு வருசம். நான் சொல்லுற ஒரு கதையை மட்டும் நம்புறாவில்லை."

"என்ன கதை?" என்றேன்.

பிறிசில்லாவே பதில் சொன்னார். "தமிழ்ச்சனம் பஸ் பிடிச்சு வந்து இவருக்குக் கத்தினதாம். மேளமாம், தேங்காயாம். நான் போற நேரமெல்லாம் அங்கை நானும் ஆரோ ஒராளின்ரை நாயும்தான் நிக்கிறம்."

மேசையில் ஒருவரும் ஐஸ்கிறீமிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"இன்னும் ஓடுறியோ தம்பி?" என்று கேட்டார் குணம் அண்ணை.

"ஓம் அண்ணை. ஒரு கோடையும் விடேல்லை. வாற கிழமைக்கு அடுத்த ஞாயிறு கடைசி ஓட்டம். ஸ்தவாங்கரிலை வேலை கிடைச்சிருக்கு, அதுக்கடுத்த சனி வீடு மாறுறம்." றெஜி கிண்ணத்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "ஏலுமெண்டா வாங்கோவன். இவ ஒருக்கால் பாக்கட்டும்."

மனிதர் கேட்டது அவ்வளவுதான். பழைய கதை பொய்யில்லை என்று பெண்சாதிக்கு ஒருமுறை காட்ட வேண்டும். குணம் அண்ணைக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. "பஸ்ஸோடை வாறம்! மாலையோடை வாறம்!" என்றார். பொங்கியது எனக்கும்தான்.

சொன்னபடி போனோம். சொன்ன நேரத்துக்குப் போனோமா? அது வேறு விஷயம். ரோல்ஸ் பொரிந்து முடியப் பிந்திவிட்டது. நாங்கள் போய் இறங்கும்போது கடைசிப் போட்டிக்குக் கார்கள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. றெஜியைத் தேடிப்போய் ஒரு வார்த்தை கதைக்க நேரமில்லை. வளைவடியில் இருந்த வேலிக்கு ஓடினோம்.

பார்த்தால்... முன்வரிசையில் நீலக் கார்! கதவில் மஞ்சளாகச் 'சுறா'. அதே நீண்ட கால் றகரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குணம் அண்ணை மேளத்தில் போட்டார் ஒரு போடு. ஒலிபெருக்கியில் ஓட்டுநர்களின் பெயரை வாசித்தார்கள். எங்கள் மேளத்துக்குள் அது யாருக்குக் கேட்டது? ஹெல்மெற் போட்டு, யன்னலுக்கு வலை கட்டி உள்ளே இருப்பவரின் முகம்தான் தெரியுமா?

ஓட்டம் தொடங்கியது. சுறா பறந்தது. ஒவ்வொரு முறை எங்கள் வளைவைக் கடக்கும்போதும் கத்தினோம். ஓடி விளையாடிய வயதில்கூட நாங்கள் இப்படித் துள்ளவில்லை.

எல்லாருக்கும் பின்னால் ஒரு வெள்ளைக் கார் நொண்டிக்கொண்டு வந்தது. எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. மூக்கு நசுங்கி, பொனற்றைக் கயிற்றால் கட்டியிருந்தது. எங்களைக் கடக்கும்போது உள்ளே இருந்தவர் கையை உயர்த்திக் காட்டினார். அடுத்த சுற்றிலும் காட்டினார்.

"ஆரடா உவன், கையைக் காட்டிக்கொண்டு வாறான்?" என்றார் குணம் அண்ணை.

"நக்கலடிக்கிறான்" என்றேன் நான். "வெள்ளைக்காரனுக்கு எங்கட மேளம் பகிடியாக் கிடக்கு."

அந்த வசனத்தை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

கடைசிச் சுற்றுக்கு முன் சுறா ஒரு முழுச் சுற்று முந்தி, அந்த வெள்ளைக் காரின் பின்னால் வந்துவிட்டது. வளைவு குறுகியது. வெள்ளைக் கார் நடுவில். எங்களுக்கு வந்ததே ஆத்திரம்! வேலியில் தொங்கிக்கொண்டு எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். "விலத்தடா! சுறாவுக்கு வழி விடு! விலத்தடா!"

வெள்ளைக் கார் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஓரமாக ஒதுங்கி மண்ணுக்குள் இறங்கி வழி விட்டது. கை உயரவில்லை.

"உவனுக்குத் தமிழ் விளங்குது!" என்று யாரோ பகிடி விட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சுறா வென்றது. மாலையைத் தூக்கிக்கொண்டு கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். மேளம் முன்னால், நாங்கள் பின்னால். நீலக் காரின் கதவு திறந்தது. ஹெல்மெற்றைக் கழற்றினார் வெற்றி வீரர். மஞ்சள் தலைமயிர். கன்னம் முழுக்கச் செம்புள்ளி. நோர்வே இளைஞன் ஒருவன் எங்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

மேளம் நின்றுவிட்டது. குணம் அண்ணை மாலையோடு சிலையாகிவிட்டார். பாவம் அந்த இளைஞன், இது ஏதோ வழமை என்று நினைத்து மரியாதையாகக் கழுத்தை நீட்டினான். போடாமல் விடலாமா? போட்டார்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் உருண்டு வந்து பக்கத்தில் நின்றது. அதிலிருந்து முகமெல்லாம் மண்ணோடு றெஜி இறங்கினார்.

எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் மேளத்தைப் பார்த்தேன்.

றெஜிதான் முதலில் கதைத்தார். "சொல்லியிருக்க வேணும் அண்ணை, பிழை என்னிலைதான். நான் நினைச்சன் உங்களுக்குத் தெரியுமெண்டு. இஞ்சை ஓட்டம் முடிஞ்சா எல்லாக் காரும் ஒரே விலைக்கு விற்பனைக்கு. லைசன்ஸ் வச்சிருக்கிற ஆரும் கேக்கலாம். கனபேர் கேட்டா சீட்டுக் குலுக்குவினம். குடுக்கமாட்டன் எண்டு சொல்லேலாது, சொன்னா பிறகு ஓட விடாயினம். காசுள்ளவன் மட்டும் வெல்லக்கூடாதெண்டுதான் அந்தச் சட்டம். நல்ல சட்டம்தான்."

"அப்ப சுறா...?"

"அண்டைக்குக் கடைசி ஓட்டம் வெண்டனானெல்லே, அதுவரைக்கும் எப்பிடியோ தப்பி வந்தது, அண்டைக்கு வேற ஒருத்தனுக்குச் சீட்டு விழுந்திட்டுது. நீங்கள் பஸ்ஸிலை ஏறிட்டியள். பிறகு கைமாறிக் கைமாறிப் போகுது. எழுத்தை மட்டும் ஒருத்தரும் அழிக்கேல்லை. ராசியாம்." வெள்ளைக் காரின் கூரையில் ஒரு தட்டுத் தட்டினார். "மிஞ்சின சாமானிலை இதைப் பொருத்தினன். இது அவ்வளவுக்கு ஓடாது."

"எங்களுக்கு ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று கேட்டார் குணம் அண்ணை.

"ஒருத்தரும் கேக்கேல்லையே அண்ணை."

தலைக்கனம் என்றோம். கலியாணம் என்றோம். எண்ணெய் என்றேன். எல்லாம் சொன்னோம், ஒரு ரெலிபோன் எடுத்து "என்ன நடந்தது?" என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வெல்லும்வரை "நாங்கள் வென்றோம்". தோற்றதும் "அவன் தோற்றான்". ரசிகர் என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கதவில் இருந்த எழுத்துக்குத்தான் ரசிகர்கள். உள்ளே இருந்தவர் யார் என்பது எங்களுக்கு அன்றும் முக்கியமில்லை, இன்றும் முக்கியமில்லை.

பிறிசில்லா பிளாஸ்கைத் திறந்து எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். எங்களுக்கு! "மேளம் நல்லாயிருந்தது" என்றார். "இவர் சொன்னது பொய்யில்லை. சனம் வந்துதான் இருக்கு."

கோப்பையை வாங்கினேன்.

"ஒவ்வொரு சுத்தும் உங்களுக்குத்தான் கையைக் காட்டினவர். காணேல்லையோ?" என்று கேட்டார். "நீங்கள் விலத்தச் சொன்னவுடனை விலத்தினவர்."

குத்திக் காட்டச் சொல்லவில்லை அவர். புருசனைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று முதன்முறையாக, பஸ்ஸில் ஏறாமல் விற்பனை முடியும்வரை நின்றோம். நீலக் காருக்குப் பெரிய போட்டி, சீட்டுக் குலுக்கினார்கள். வெள்ளைக் காரை ஒருவரும் கேட்கவில்லை. றெஜி அதை மெதுவாக இழுவை வண்டியில் ஏற்றினார். நாங்கள் பின்னால் நின்று தள்ளினோம். திரும்பும் வழியில் குணம் அண்ணை மேளத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ரோல்ஸ் பெட்டி பிரிக்காமலே வீடு வந்தது.

"வெண்டவரோ?" என்று கேட்டாள் மனைவி. தலையாட்டினேன்.

"ஆர்?" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், சரியான இடத்தில் கேள்வி கேட்பாள்.

நேற்று றெஜியிடம் மன்னிப்புக் கேட்க ரெலிபோன் எடுத்தேன். "அதை விடுங்கோ அண்ணை, சனிக்கிழமை சாமான் ஏத்தத்தான் ஆக்கள் காணாது" என்றார்.

ஆகவே பழைய ரசிகப் பெருமக்களே, சனி காலை ஹொல்ம்லியாவுக்கு வாருங்கள். மேளம் வேண்டாம், கத்தவும் வேண்டாம். ஒன்றே ஒன்று — சோபாவைத் தூக்குவதற்கு முன், அது யாருடைய வீடு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.