ஏ-க்குப் பக்கத்தில் டி

“…பக்கத்துலன்னா எவ்வளவு பக்கத்துல? தோளு இடிக்கிற மாதிரியா? அதுக்கு நான் காமன் பொட்டல் நெருப்புலயே எறங்கிடுவேன், புள்ள” என்றார் மாமா, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு.

அவர் உட்கார மறுத்தது என் அப்பாவுக்குப் பக்கத்தில். உட்காரச் சொன்னது என் சித்தி. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் முன்னறையில் சிமெந்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அம்மா, அவருக்கு இடப்பக்கம் அத்தை, அடுத்து நான், எனக்கு அடுத்ததாக ஒரு கொழுந்துக் கூடை, அதற்கப்பால் ஓர் ஆள் கொள்ளும் வெற்றிடம், பிறகு அப்பா. அந்த வெற்றிடம்தான் மாமாவுக்கு. அது பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் பிற்பகல். சித்தியின் பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. எனக்கு வயது பத்து.

சித்தி என் அம்மாவின் தங்கை. வெளிவாரிப் பட்டம் முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்துதான் பஸ் பிடித்துப் போய்வந்தார். அவர் வேலை பழக்கிவிட்ட இரண்டு பையன்கள் அவருக்கே மேலதிகாரிகளாக வந்துவிட்டார்கள். கேட்டால், “அவங்ககிட்ட மேனேஜ்மென்ட் படிப்பு இருக்கு” என்றார்களாம். அன்றைக்குச் சித்தி ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார். கொழும்பில் வணிக நிர்வாக முதுமாணிப் படிப்புக்கு, அதாவது எம்.பி.ஏ.வுக்கு, சேரப் போகிறார். சேருவதற்கு ஒரு நுழைவுப் பரீட்சை உண்டு.

நிர்வாகம் என்றால் எங்கள் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். துரை பங்களாவில் இருப்பது. ஆகவே செய்தி மேல் லயத்திலிருந்து பணிய லயத்துக்கு இறங்குவதற்குள் சித்தி துரையாகப் போகிறார் என்று ஆகிவிட்டது. குழாயடியில் ஒரு பெரியம்மா, “பொம்பளத் தொரையா வந்தா நாய் வளப்பியா, தங்கச்சி?” என்று மெய்யான அக்கறையோடு விசாரித்தார். தோட்டத்து நாய்களில் அவரைக் கடிக்காதது பங்களா நாய் மட்டும்தான் என்பதால், அவருக்கு அது முக்கியமாகப் பட்டிருக்கலாம்.

சித்தி இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் தவறிப்போயிற்று. ஆங்கிலம் வந்தது, கணிதம் வந்தது. காலை வாரிவிட்டவை இரண்டே பகுதிகள். ஒன்று, படங்களையும் அட்டவணைகளையும் பார்த்துப் பதில் சொல்வது. மற்றது, ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குப் பக்கத்தில் யார் என்று நிபந்தனைகளை வைத்துக் கண்டுபிடிப்பது. “மூணாவது தடவைதான் கடைசி. அதுலயும் இல்லைன்னா புத்தகத்தை எடைக்குப் போட்டுடுவேன்” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். சித்தி ஒன்றைச் சொன்னால் செய்துவிடுகிறவர். அதனால் வீடே கொஞ்சம் பயந்துதான் இருந்தது.

படப் பகுதியில் அப்பா உதவிக்கு வந்தார். ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. புத்தகத்தில் ஐந்து தொழிற்சாலைகளின் உற்பத்தியைக் கம்பம் கம்பமாக வரைந்திருந்தது. ஒரு கம்பம் மட்டும் ஓர் ஆண்டில் குட்டையாக நின்றது. அந்த ஆண்டு அங்கே ஆட்களைக் குறைத்தார்களா என்பது கேள்வி.

“ஆளைக் கொறைக்கல. மழை புடிச்சிருக்கும். இல்லாட்டி ரோலர் ஒடைஞ்சிருக்கும்” என்றார் அப்பா.

“அது படத்துல இல்ல, அத்தான்.”

“படத்துல இல்லைன்னா மழை பெய்யலையா?”

கொடுத்த தகவலைக் கொண்டு சொல்ல முடியாது என்பதுதான் சரியான விடை என்று சித்தி காட்டினார். அப்பா அன்று முழுவதும் அந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற மாமா என்னைக் கூப்பிட்டார். “உங்கப்பாகிட்ட சொல்லு, தெரியாதுன்னு எழுதினாலும் மார்க்கு போடுற பரீச்சையாம். எனக்கும் ஒரு ஃபாரம் வாங்கிட்டு வரச் சொல்லு.”

மாமா அப்பாவுக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றுதான் இதைச் சொன்னார். ஆனால் என் வழியாகச் சொன்னார். அந்த மாசி மாதத்திலிருந்து அப்படித்தான். மாமா அம்மாவின் அண்ணன்; அத்தை அவர் மனைவி. மலையில் கங்காணி. மதனைச் சிவன் எரிப்பதைப் பொட்டலில் நெருப்பு மூட்டி ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பல வருடமாக மதன் வேஷம் அவருக்குத்தான். அந்த வருடம் கூத்துக்கு ஆள் பேசிய கூட்டத்தில் அப்பா எழுந்து, “மச்சானுக்கு மூச்சு வாங்குது, சின்னப் பயகள்ல ஒருத்தன் கட்டட்டுமே” என்று சொல்லிவிட்டார். அக்கறையாகத்தான் சொன்னதாக அப்பா இன்றுவரை சொல்கிறார். மாமாவின் காதில் அது விழுந்த விதம் வேறு. சிவனின் நெற்றிக்கண் எரிப்பதற்கு முன்பே மதனைத் தன் மச்சானே எரித்துவிட்டான் என்று கோயில் வாசலில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஏணி வேண்டுமென்றாலும் நான்தான் தூது, அடுத்த வீடான மாமா வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றாலும் நான்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உட்காரும் கணக்குகள் சித்திக்குத் தாளில் வரவில்லை. எழுத்துகள் கண்ணுக்குள் ஆடுவதாகச் சொன்னார். ஆகவே ஆட்களையே உட்காரவைத்துப் பழகுவதென்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் கூடுவோம். அப்பா ஏ, அம்மா பி, அத்தை சி, மாமா டி, நான் ஈ. ஆறாவது ஆள் கிடைக்காததால் எஃப் என்ற பதவியைக் கூடைக்குக் கொடுத்தோம். அதற்கு முகம் எந்தப் பக்கம் என்று சண்டை வராமலிருக்க நான் சுண்ணாம்பால் இரண்டு கண் போட்டுவைத்தேன்.

எங்கள் ஆட்களுக்குப் புத்தகத்தில் இருக்கும் நிபந்தனைகள் போதவில்லை. “மாமனாருக்கு எதிரா மருமக எப்புடிக் காலை நீட்டி உக்காருவா?” என்பார் அத்தை. அதில் மாமனாரும் இல்லை, மருமகளும் இல்லை, வெறும் சி-யும் எஃப்-பும்தான் என்றால், “இருக்கட்டும், கூடைக்கு வயசாகிருச்சுல்ல” என்பார். அம்மாவின் கவலை வேறு. இத்தனை நேரமாக ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, யாராவது ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்தார்களா என்று கேட்பார். இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே சித்தி எங்களை இடம் மாற்றி இடம் மாற்றி உட்காரவைத்தார்.

ஆனால் எப்போதாவது ஒரு கணக்கு ஏ-யையும் டி-யையும் பக்கத்தில் கொண்டுவரும். உடனே மாமாவுக்கு மாட்டுக்குப் புல் அறுக்கும் ஞாபகம் வந்துவிடும். அப்பாவுக்குத் தண்ணீர்த் தாகம் எடுக்கும். “இது வேணாம் தங்கச்சி, அடுத்ததைப் பாரு” என்று அத்தை சொல்ல, சித்தியும் பக்கத்தைப் புரட்டிவிடுவார். இப்படி எத்தனை கணக்கைப் புரட்டினோம் என்று யாரும் எண்ணவில்லை.

பரீட்சை நெருங்க நெருங்கச் சித்தியின் மதிப்பெண் இறங்கியது. மாதிரித் தாள்களில் முன்பு சரியாகப் போட்டவைகூடத் தப்பாயின. அந்தப் போயா நாளில் ஒரு சின்னக் கணக்கில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். அம்மாவுக்கு நேர் எதிரே கூடை. அம்மாவின் இடப்பக்கம் அத்தை. அத்தைக்குப் பக்கத்தில் நான். அப்பா கூடைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. அப்பாவுக்கும் கூடைக்கும் நடுவில் யார்? அவ்வளவுதான்.

சித்தி எழுதினார், அழித்தார், எழுதினார். “இது வராது. கேள்வியே தப்பு” என்றார். விடைப் பக்கத்தைப் பார்த்தார். கேள்வி தப்பில்லை. புத்தகத்தை மூடினார். குரல் உயரவே இல்லை. “நான் போகல, அக்கா. அனுமதி அட்டையைக் கிழிச்சுப் போட்டுடு. இதைக்கூடப் போட முடியாதவளுக்கு என்னா படிப்பு?”

அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்தத் தாள் தெரிந்தது. நான் சொன்னேன்: “டி-யை ஏ-க்குப் பக்கத்துல வச்சா வருதே, சித்தி.”

“அது எப்புடிடீ வைக்கிறது?” என்றார் அம்மா. அத்தையும் அப்பாவும் அதே கேள்வி முகத்தில் இருக்க என்னைப் பார்த்தார்கள். சித்தியும் அப்படித்தான் பார்த்தார், ஒரு நொடி. பிறகு தாளைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. “மூணு வாரமா இதுதான். புத்தகத்துல இல்லாத ஒரு கண்டிசனை நானே போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஏ-யும் டி-யும் பேசிக்க மாட்டாங்கன்னு!”

அப்புறம்தான் வாசலில் நின்ற மாமாவைக் கூப்பிட்டார். மாமா நெருப்பில் இறங்குகிறேன் என்றது அப்போதுதான்.

“பேச வேணாம், அண்ணே. சிரிக்க வேணாம். சும்மா உக்காந்தா போதும். என் கண்ணு ஒருக்கா பாக்கணும். இல்லாட்டி அங்க போயும் என் பென்சிலு உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுத்தான் வைக்கும். நான் கொழும்புக்குப் போறதும் போகாததும் இப்ப உங்க கையிலதான் இருக்கு.”

அப்பா என்னிடம், “மாமாகிட்ட சொல்லு, நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்” என்றார்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, கடிச்சா ஊசி போடணும்” என்றார் மாமா. சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். ஸ்டோர் கூரையை மூடியிருந்த பனிமூட்டத்தில் பார்க்க எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து அந்த வெற்றிடத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

“அண்ணே, நடுவுல பாத்துத்தான் உக்காரணும்.”

“உக்காரத்தானே சொன்ன? மூஞ்சியைப் பத்திப் பேசலையே.”

சித்தி எங்களைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அம்மா, அத்தை, நான், கூடை, மாமா, அப்பா. விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போய் மாமாவின் தலையில் கையை வைத்தார். “டி” என்றார். பிறகு அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்து புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் புரட்டினார். சிலர் உள்ளே பார்த்தும் சிலர் வெளியே பார்த்தும் உட்காரும் கணக்குகள் அங்கே இருந்தன. கஷ்டமென்று அவர் தொடாமலே விட்டவை. “அசையாதீங்க, அண்ணே!” என்று கத்தினார். வெளியே பார்த்திருக்கிறவருக்கு இடம் வலமாகிவிடும் என்பதை மாமாவின் இரண்டு கைகளையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். வரிசையாக நான்கு கணக்கு. நான்கும் வந்தன. பரீட்சையும் அப்படித்தான் வந்தது. எட்டாம் நாள் சித்தி போனார், எழுதினார். நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. பிறகு இரண்டு வருடம் வார இறுதிகளில் கொழும்புக்குப் போய்வந்து படித்து முடித்தார். இன்று அவருக்குக் கீழே பலர் வேலை பார்க்கிறார்கள். நாய் மட்டும் வளர்க்கவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கடிதமும் தெரியாது, நேர்முகமும் தெரியாது. கணக்கு முடிந்துவிட்டது, எழுந்துகொள்ளலாம் என்று சித்தி சொன்னார். அத்தை கூடையை எடுத்து மூலையில் வைத்தார். அம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து, அண்ணன் என்பதால் முதல் தட்டை மாமாவின் முன்னால் வைத்துவிட்டு, மற்றத் தட்டுகளை எடுக்கக் குசினிக்குப் போனார். மாமா எழுந்திருக்கவில்லை. அப்பாவும் எழுந்திருக்கவில்லை. மாமா ஒரு துண்டுக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு தட்டைத் தரையோடு வலப்பக்கமாக நகர்த்தினார். சம்பல் அவருக்கு உறைத்துவிட்டது என்று நினைத்து, நான் தண்ணீர் கொண்டுவர எழுந்தேன். முகத்தை வாசலிலிருந்து திருப்பாமலே, மாமா அந்தத் தட்டை இன்னும் ஒரு சாண் தள்ளி, அப்பாவின் முழங்காலில் இடிக்கும்படி விட்டார்.