ஒழுகாத விமானம்

எங்கள் வீட்டில் கனம் என்பது பாராட்டுச் சொல். மீன் வாங்கினாலும் பூட்டு வாங்கினாலும் அப்பா அதைக் கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். "கனமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டால் பொருள் தேறிவிட்டது. அவருக்குத் தோணியில் கலப்பத்து வேலை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளின் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சிய பசையால் மூட வேண்டும். தூத்துக்குடிக் கரையில் அவர் அடைத்த தோணி ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை. அவர் சொல்ல விட்டதும் இல்லை.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ஆடிக் காற்றுக்குப் பயந்து கரையேற்றிப் போட்டிருக்கும் தோணியை அவர் தொடமாட்டார். வெயிலில் பலகை சுருங்கி, இடுக்கில் என் விரல் நுழையும். அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

"கெளம்பாத தோணிக்கு எதுக்குளா பஞ்சு?" என்றார்.

பயணம் முடிவானால்தான் பசைச் சட்டி அடுப்பேறும். கடைசி இடுக்கை மூடியதும், இறுகாத பசையில் கட்டைவிரல் நகத்தால் சின்னதாக ஒரு சிலுவை கீறுவார். அதற்குப் பிறகு தோணி கடலுக்குப் போகும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கனமே இல்லாத ஒரு பொருளைக் கொண்டுவந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி, புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. பாலிடெக்னிக் முடித்துவிட்டு மாமா எங்களோடு தங்கியிருந்தார். தேசிய மாணவர் படையில் இருந்தபோது மாதிரி விமானம் செய்யப் பழகியவர். பால்சா என்ற, காகிதம் போன்ற லேசான மரத்தின் தகடுகளையும், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு எஞ்சினையும் எப்படியோ சேர்த்து வைத்திருந்தார்.

பெங்களூரில் விமானம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்கு அவருக்கு அழைப்பு வந்திருந்தது. அப்பாவோ தோணி முதலாளியின் சரக்குக் கிடங்கில், எங்கள் பேச்சில் கிட்டங்கியில், அவருக்கு வேலை பேசி வைத்திருந்தார். சாப்பாட்டு வேளைகள் எல்லாம் வாக்குவாதமாகவே நடந்தன. கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"நீ செய்யுதது பறக்கட்டும் மாப்ள, நானே வந்து ரயிலேத்தி விடுதேன். பறக்கலன்னா திங்கக்கெழம கிட்டங்கிக்குப் போயிரணும்."

"சரி அத்தான்" என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பறக்கவிடுவது என்று முடிவாயிற்று.

விமானம் உருவாகிவிட்டது. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு இடைவெளி. அதை ரெசின் என்ற செயற்கைப் பிசினால் அடைக்க வேண்டும். துறைமுகத்தில் உயிர்காப்புப் படகு பழுது பார்க்கும் பட்டறையிலிருந்து ரெசினும், அதை இறுகச் செய்யும் திரவமும் இரண்டு குப்பிகளில் வந்தன. தேன் மாதிரியான ரெசினை அப்படியே ஊற்றினால் வழிந்துவிடும், கனமும் கூடும். லேசான பொடி எதையாவது கலந்து களி பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

"அமெரிக்காவுல கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழியவே பொடியா விக்கானாம்ளா. உள்ள பூரா காத்துதான்" என்றார் மாமா. காற்றை விலைக்கு வாங்கும் ஊர் ஒன்று உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தூத்துக்குடியில் கிடைத்ததை வைத்துச் சோதனை தொடங்கியது. முதலில் அம்மாவின் முகப் பவுடர். வழுவழுவென்று குழைந்தது, வாசமும் அடித்தது. காய்ந்ததும் கல்லாய்க் கனத்தது. மரத்தூள் ரெசினைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. தலையணையின் இலவம்பஞ்சு சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி ஆயிற்று. அந்த வாரம் எங்கள் தலையணைகள் ஒவ்வொன்றாக இளைத்தன.

"ஏலே, தலைக்கு வைக்க ஒண்ணாவது மிச்சம் வையி" என்றாள் அம்மா.

கடைசியில் வென்றது பழைய மீன்வலைகளில் மிதப்புக்காகக் கட்டியிருந்த தக்கை. மாமா அதைத் தேங்காய்த் துருவியில் துருவி, மாவுச் சல்லடையில் சலித்து, சிரட்டையில் ரெசினோடு குழைத்தார். ஒவ்வொரு கலவையிலும் ஒரே அளவில் உருண்டை பிடித்துக் காயவைத்து, குச்சியில் நூல் கட்டிய தராசில் நிறுத்தார். தக்கை உருண்டை வைத்த தட்டு மேலேயே நின்றது. அந்தக் கலவையாலேயே இறக்கை இடைவெளியை அடைத்தார். அன்று மதியக் குழம்பில் தேங்காயோடு கொஞ்சம் தக்கையும் இருந்தது. மாமா மட்டும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், எஞ்சினுக்கு ஊற்றும் எரிபொருளில் கலக்க ஈதர் தேடி மாமா வெளியே போயிருந்தார். அப்பா வேலையிலிருந்து வந்தார். வழக்கத்துக்கு மாறாகக் கையில் பசைச் சட்டி. விமானத்தைத் தூக்கி அசைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. தக்கைப் பூச்சை நகத்தால் சுண்டினார்.

"பொரி உருண்ட கணக்கா இருக்கு. இத நம்பியா ஒருத்தன் போவான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு சின்ன உளியால் மாமாவின் பூச்சைச் சுரண்டி எடுத்தார். பஞ்சுத் திரி இறக்கினார். சூடான பசையைத் தடவினார். இறக்கை ஓரத்தோடு நிற்காமல், கண்ணில் பட்ட இணைப்பை எல்லாம் மூடினார். கடைசியாக விமானத்தைக் கவிழ்த்து, அதன் வயிற்றில் நகத்தால் சிலுவை கீறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மாமாவுக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் எனக்குப் பட்டது.

காலையில் விமானத்தைத் தூக்கிய மாமாவின் கை கீழே இறங்கியது.

"அத்தான், என்ன செஞ்சீங்க?"

"அடச்சிருக்கேன்."

"இது பறக்கணும் அத்தான்!"

"பறக்கட்டும். ஒழுகாது."

"ஆகாசத்துல எந்தத் தண்ணி உள்ள வரும்?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "மழ பெய்யாதா?" என்றார்.

மாமா கத்தியால் சுரண்டிப் பார்த்தார். பசையோடு மரமும் பிய்ந்து வந்தது. விட்டுவிட்டார். அப்பாவின் வேலை கழன்று வரும் ரகம் அல்ல.

பூசை முடிந்து உப்பளத்துப் பக்கம் போனோம். அப்பாவின் கூட்டாளிகள் கோயிலுக்குக் கட்டிய வேட்டியோடே வந்திருந்தார்கள். விமானத்திலிருந்து வந்த இரண்டு கம்பிகள் மாமாவின் கையில் இருந்தன. அவர் நடுவில் நிற்க, அது சுற்றிச் சுற்றிப் பறக்க வேண்டும். எஞ்சின் அலறியது. விமானம் தரையில் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மூச்சு நேரம் எழும்பியது. அடுத்த மூச்சில் மூக்கு சாய்ந்து, கடல்நீர் தேக்கியிருந்த பாத்தியில் விழுந்தது.

"அண்ணாச்சி, தோணி எறங்கிட்டு!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். மாமாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

விமானம் சாயாமல் மிதந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அதை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"ஒரு பொட்டுத் தண்ணி உள்ள போகல" என்று எல்லோரிடமும் காட்டினார்.

மாமா கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "நாளைக்கு கிட்டங்கிக்குப் போறேன் அத்தான்" என்றார்.

"எதுக்குலே? அதான் பறந்துச்சுல்லா. முழங்கா ஒசரம் எழும்புச்சு. நீங்க பாத்தீங்களா இல்லியா?" என்று அப்பா கூட்டாளிகள் பக்கம் திரும்பினார்.

அவர்கள் பார்த்திருந்தார்கள். இடுப்பு உயரம் என்றார் ஒருவர். பனை உயரம் என்றார் இன்னொருவர்.

"இல்லப்பா, தவ்வுச்சு" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை என்பது சொல்லப்பட்டது.

சொன்னபடி அப்பாவே ரயில் நிலையத்துக்கு வந்தார். மாமாவின் தகரப் பெட்டியைத் தூக்கி அசைத்துப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு" என்று உள்ளே ஏற்றினார். விமானம் எனக்கு வந்தது. மழைக்காலம் முழுவதும் தெருத் தண்ணீரில் விட்டேன். ஒழுகவே இல்லை.

தவ்வியதைப் பறந்தது என்று தீர்ப்புச் சொன்ன அப்பாமேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. கிளம்பாத தோணியை அவர் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலமே பசைச் சட்டியோடு அவர் வீட்டுக்கு வந்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வயது மட்டும்தான் அப்போது இல்லை.