தண்டபாணி அண்ணனின் இடது கன்னம்

தண்டபாணி அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது என் வலது கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. இடது கன்னத்தை முடித்துவிட்டு ரேசரைக் கழுவிக்கொண்டிருந்தேன். "முத்தையா, நம்ம அண்ணன் விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றார் எங்கள் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். மீதி முகத்தை முடிக்கக் கை துணியவில்லை. நடுங்குகிற கையில் பிளேடு பிடிக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு, பாதி முகத்தோடு அவர் வீடு இருக்கும் வீரபாண்டிக்கு வண்டியை எடுத்தேன்.

அதற்குள் வீதி முனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கண்ணாடி போட்ட அவர் படம். கீழே கொட்டை எழுத்தில் 'அஞ்சா நெஞ்சர்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரய்யா இதை எழுதியது? அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள். இடி இடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறவர் அவர். லிஃப்டில் ஏற மாட்டார். ரோட்டைக் கடக்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். அவரைப் போலப் பயந்த மனிதரை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். அதைத் துடைத்துவிட்டு அவரை அஞ்சா நெஞ்சராகச் சுடுகாட்டுக்கு அனுப்ப எனக்குச் சம்மதமில்லை.

அவரோடு வேலை செய்யாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் கம்பெனி நெருப்பெரிச்சலில் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகள் மட்டும்தான் தைக்கிறோம், எல்லாம் ஏற்றுமதி. அண்ணன் அங்கே குவாலிட்டி மேனேஜர். நான் பேக்கிங் இன்சார்ஜ். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். தைத்த துணி வந்தால் மற்றவர்கள் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இடது கன்னத்தில் வைத்துத் தேய்ப்பார். கழுத்துப் பட்டியின் உள்பக்கம், லேபிள் தைத்த மூலை, பட்டன் வைத்த இடம் எல்லாவற்றையும் கன்னத்தில் இழுத்துப் பார்ப்பார். "வெரலு காச்சுப் போச்சுங்க, அது பொய் சொல்லும். கொழந்தைக்கு எது குத்தும்னு கன்னத்தக் கேட்டாத்தான் தெரியும்" என்பார். செக்கிங் டேபிள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அதற்குக் கன்னம் ஒழுங்காக இருக்க வேண்டுமே. முள்முடி இருந்தால் நல்ல துணியும் மாட்டும். ஷேவிங்கில் தோல் எரிந்திருந்தால் பஞ்சும் குத்தும். அவர் பயம் குறுக்கே வந்து நின்றது இந்த இடத்தில்தான். சலூனுக்குப் போக மாட்டார். "ஆளு தங்கமானவருங்க. ஆனா எங்கழுத்துல கத்தி வெச்சிருக்கறப்ப அவருக்குத் தும்மல் வந்துபோட்டா?" என்று நிஜமான கவலையோடு கேட்பார். மூன்று நான்கு பிளேடு அடுக்கிய பிளாஸ்டிக் ரேசரோ அவர் தோலில் கொப்புளமாகக் கிளப்பிவிடும். அதனால் நம் அப்பாக்கள் காலத்து இரும்பு, பித்தளை ரேசர்களைத் தேட ஆரம்பித்தார். மேலே ஒரு மூடி, கீழே ஒரு தகடு, நடுவில் இரண்டு பக்கமும் கூரான ஒரே ஒரு பிளேடு. கோயமுத்தூரில் பழைய சாமான் கடைகளில் கிளறி, ஒவ்வொன்றாக வாங்கி வந்து, வெந்நீரில் போட்டுக் கழுவித் துடைத்து வைத்தார்.

வாங்கியதோடு விட்டாரா? ஒன்றோடு ஒன்றை மோதவிட்டுப் பார்த்தார். அதே சோப்பு, அதே ரகப் பிளேடு, அதே வெந்நீர். இடது கன்னத்துக்கு ஒரு ரேசர், வலதுக்கு ஒன்று. மதியச் சாப்பாட்டின்போது எனக்குத் தீர்ப்பு வரும். விளிம்பில் பல் பல்லாக இருந்ததற்குச் 'சீப்பு' என்று பேர் வைத்தார். "முடிய நல்லா வாரி எடுக்குதுங்க. ஆனா தாடை திரும்பற எடத்துல உசுரு போயி உசுரு வருது." கனத்த பித்தளை ஒன்று 'மிலிட்டரி'. "கைய அமுத்தவே வேண்டாம், அதோட எடையே பாத்துக்குது. ஆனா கறக்கறக்குன்னு சத்தம், எனக்கு நெம்பத் திகிலா இருக்குது." அடிக்கட்டையைத் திருகினால் மேல் மூடி இரண்டு கதவாகத் திறக்கிற ஒன்றுதான் கடைசியில் ஜெயித்தது. அதற்குப் 'பசு' என்று பேர். "இதுல வெட்டுப்பட்டா அவன் மனுசனே இல்லீங்க முத்தையா. ஒரு நாளாச்சும் பயமில்லாம, சொகமா, பாட்டு முணுமுணுத்துக்கிட்டு ஷேவ் பண்ணோணும்னு இருந்தேன். பண்ணிப்போட்டேன்!" அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சம்பள உயர்வு வந்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

இப்போது என்னால் மறக்க முடியாத ஒரு நாளுக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையும் கிடைக்கும்வரை அந்த லைன் ஓடாது. தைத்து முடித்த ஒவ்வொரு உடுப்பும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வந்த பிறகுதான் மடிப்பு டேபிளுக்கு வரும். அந்த டேபிள் இருக்கிற பேக்கிங் ஹாலுக்குள் ஊக்கு, பிளேடு எதுவும் நுழையக் கூடாது. இந்த விதியைச் சட்டமாக வைத்திருந்தவர் அண்ணன்தான். புதுப்பெண் ஒருத்தியின் கொண்டை ஊசியைக்கூடக் கழற்ற வைத்திருக்கிறார்.

ஒரு பெரிய ஷிப்மெண்ட்டுக்காக எல்லோரும் இரவு கம்பெனியிலேயே தங்கியிருந்தோம். காலையில், சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் சோதனைக்கு வருவதாக இருந்தது. என் தாடியைப் பார்த்துவிட்டு சின்ன முதலாளி, "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டா அவங்க முன்னால நிப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அவமானமாகப் போயிற்று. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. காரிலிருந்து தன் ரேசர் பெட்டியை எடுத்துவந்தார். வாஷ்ரூமுக்குப் பேக்கிங் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, எனக்காக, அவர் தன் விதியை மீறினார்.

பழைய கடையில் கிடைத்த புதுப் பிளேடு பாக்கெட் ஒன்று வைத்திருந்தார். காகிதம் சுற்றாமல், எண்ணெய் தடவி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. ஐந்து பிளேடு. என்னை வைத்தும் ஒரு சோதனை செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதே! இடது கன்னத்துக்குப் பசு, வலதுக்குச் சீப்பு என்று இரண்டிலும் பிளேடு மாட்டிக் கொடுத்தார். சீப்பு ஒன்றும் செய்யவில்லை. சாதுவென்று சொன்ன பசு என் இடது கன்னத்தைக் கிழித்துவிட்டது. "பசுகூட உங்களை முட்டுதுங்களா!" என்று சிரித்தார். பையரின் ஆள் கேட்டுக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. அவசரமாகப் பெட்டியை மூடினோம். வெளியே வரும்போது, போனில் பேசிக்கொண்டே, கையில் இருந்த பிளேடு பாக்கெட்டை மடிப்பு டேபிளில் குழந்தை உடுப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பேசி முடித்து எடுத்துக்கொண்டார்.

சோதனை நல்லபடியாக முடிந்தது. லாரியில் பெட்டிகள் ஏற ஆரம்பித்தன. அப்போதுதான் அண்ணன் என்னைத் தேடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் பாக்கெட். "முத்தையா, இதுல மூணு இருக்கோணும். ரெண்டுதானுங்க இருக்குது."

பெட்டியைத் திறந்து பார்த்தோம். சீப்பில் ஒரு பிளேடு. பசுவின் அடிக்கட்டையைத் திருகினார். உள்ளே ஒரு பிளேடு பளபளத்தது. ஈரப் பிளேடைத் தொடப் பயந்து, பார்த்ததோடு மூடிவிட்டார். வாஷ்ரூமில் இல்லை. டேபிளுக்கு அடியில் இல்லை. அந்த டேபிளில் இருந்த உடுப்பெல்லாம் மெஷினைத் தாண்டி வந்தவை. மடித்து, பையில் போட்டு, பெட்டியில் அடைத்து, பாதி லாரிக்குள் போயாயிற்று.

"அண்ணே, எங்கயாவது சாக்கடையில போயிருக்கும். பேசாம இருங்க" என்றேன். என் பயம் அப்படி. வேலை போனால் மகளின் காலேஜ் படிப்பு நிற்கும். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டேபிளில் கிடந்த ஓர் உடுப்பை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். "எங்கியோ ஒரு தாயி இதப் பிரிச்சு, கொழந்த தலை வழியா மாட்டுவாளுங்க. கண்ணுக்கு நேரா எறங்கும்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியேறி முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"லோடிங்க நிறுத்துங்க. நாந்தான் பிளேடக் கொண்டுவந்தேன். ஒண்ணக் காணோம்." குரல் நடுங்கியது. முதலாளி கத்திய கத்தலை நான் இங்கே எழுதப்போவதில்லை. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவில் கம்பெனியை மூட வேண்டியதுதான். "யாராச்சும் பாத்தாங்களா?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார். "நான் பாத்தனுங்க" என்றார் அண்ணன்.

பெட்டிகள் இறங்கின. ஒவ்வொன்றையும் பிரித்து, ஒவ்வொரு உடுப்பையும் மறுபடி மெஷினில் விட்டோம். மெஷின் கத்திவிடுமோ என்று ஒரு பயம்; கத்தாமலே போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். "நஹி மிலா, பையா", கிடைக்கவில்லை அண்ணா என்று ஒடிசாப் பையன்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் உதட்டைப் பிதுக்கினார்கள். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. வேர்வை பட்டு என் கன்னத்து வெட்டு மறுபடி கசிந்தது. கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்தார். "ஏனுங்க, அது எந்தக் கன்னம்?"

"இடதுண்ணே."

"எடது பசுதானுங்களே? பசு எப்புடிங்க வெட்டும்?"

ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பெட்டியைத் திறந்து பசுவை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்குக் கை ஆடுதுங்க. நீங்க எடுங்க." அடிக்கட்டையைத் திருகி, பிளேடை வெளியே எடுத்து, கட்டைவிரலால் மெல்லத் தள்ளினேன். எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு பிளேடு அடியிலிருந்து நழுவி வந்தது. இரண்டு சேர்ந்து தடித்து, கூர் மேலேறி நின்றதால்தான் அந்தச் சாதுவான ரேசர் என்னை வெட்டியிருக்கிறது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே வந்திருந்த முதலாளி, "அப்பாடா, ஏத்துங்கப்பா" என்றார். அண்ணன் தரையில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "மீதியும் மெஷினுக்குள்ள போயி வந்துறட்டுமுங்க. எனக்குப் பயமா இருக்குது." முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மீதியும் போய் வந்தது. லாரி கடைசி நேரத்தில் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது.

நேற்று அவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். கன்னம் வழுவழுவென்று இருந்தது. முந்தின நாள் ஷேவ் செய்திருப்பார். அவர் மனைவி சரஸ்வதி அக்கா என்னைப் பார்த்தார். அழுகைக்கு நடுவே, "ஒரு பக்கந்தான் பண்ணுனீங்களா சாமி?" என்று கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு உடைந்துவிட்டது. கிளம்பும்போது முந்தானையில் மறைத்து அந்த ரேசர் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "ஊடு பூராக் கொழந்தைங்க. எதாச்சும் எடுத்துப்போட்டா என்ன பண்றது? அவரு இருந்தா இந்நேரம் அலறியிருப்பாருங்க. நீங்க கொண்டு போயிருங்க."

இன்று காலை அதைத் திறந்தேன். பசுவில் ஒரு பிளேடு இருந்தது. வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுதான். மறுபடியும் தள்ளிப் பார்த்தேன். பிறகு சோப்பு போட்டு, நேற்று விட்ட வலது கன்னத்தை மட்டும் பசுவில் முடித்தேன். எரியவில்லை, இழுக்கவில்லை. பாட்டு முணுமுணுக்கத்தான் முடியவில்லை.

அவரை அறிந்தவர்களே, ஆளுக்கொன்றாக அவரிடமிருந்து எடுத்து வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரு ரேசரும் அவருடைய பயமும்தான். ரேசரை வேண்டுமானால் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

கம்பெனிக்குப் போனேன். அவர் நாற்காலி காலியாக இருந்தது; லாரி காத்திருந்தது. யாரும் சொல்லாமல் நானே கடைசி லாட்டில் ஓர் உடுப்பை எடுத்து, கழுத்துப் பட்டியின் உள்பக்கத்தைக் கன்னத்தில் இழுத்தேன். நேற்று என் பிளாஸ்டிக் ரேசரில் முடித்த இடது கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலது கன்னத்தில் ஏதோ மெல்லக் குத்தியது. லேபிள் நூலின் முனையாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சின்ன முதலாளி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோடிங்க நிறுத்துங்க" என்றேன். என் குரலும் நடுங்கியது.