பள்ளிக்கூடத்து வாசலில் நான் சொன்ன செய்தி

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். பெங்களூரில் அல்சூருக்குப் பக்கத்தில் ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்தோம். என் மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தசரா லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகவேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியனுப்பியிருந்தார்.

சர்ச் காம்பவுண்டுக்குள் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளின் அம்மாக்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அந்த அம்மாள் எதையும் எழுதி அனுப்பமாட்டார். எங்களை மரத்தடியில் நிற்க வைத்து வாயால் சொல்வார். முதலில் தமிழில் சொல்வார், பிறகு கன்னடத்தில், கடைசியில் தனக்குத் தெரிந்த அளவு தக்னி உருதுவில்.

"ஐப்பசி மழை பிடிச்சிடுச்சு. பிள்ளைங்க தலையில ஒரு கோணியாவது போட்டு அனுப்புங்க. ஈரப் பாவாடையோட நாள் பூரா உட்கார்ந்தா ஜுரம் வரும். தலை வாரி, நகம் வெட்டி அனுப்புங்க. பல்பம் தின்னாத் திட்டுங்க." இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் குரலை மாற்றாமலே, "வீட்டுல எலி செத்து விழுந்தா, கையால தொடாதீங்க. பிள்ளையை வகுப்புக்குள்ள விடாம, வாசல்ல நின்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சிலர் சிரித்தார்கள். எலி சாகாத வீடு எது என்று என் பக்கத்தில் நின்றவள் முணுமுணுத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அதையே மறுபடி மூன்று பாஷையிலும் சொன்னார். எதற்காகச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் மழையும் குளிரும் சேரும் மாதங்களில் பிளேக் தலைகாட்டுவது அப்போது புதிதில்லை. முதலில் எலி சாகும், பிறகு மனிதர்கள். வீட்டில் எலி விழுந்தது முனிசிபாலிட்டிக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். கூரை ஓடுகளைப் பிரித்துப்போட்டு, மருந்து அடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே தட்டிக் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்குப் பயந்து, செத்த எலியைச் சத்தமில்லாமல் சாக்கடையில் எறிந்துவிடுவதுதான் வழக்கமாக இருந்தது.

நாங்கள் இருந்தது தனி வீடு இல்லை. ஒரு முற்றத்தைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய சில வீடுகள். கன்னடத்தில் வட்டாரா என்பார்கள். நடுவில் கிணறு. சுவருக்கு மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே நாட்டு ஓட்டுக் கூரை. கடைசி வீட்டில் ஒரு கன்னடக்காரப் பால்காரம்மா இரண்டு மாடு வைத்திருந்தாள். தெரு முழுக்க அவளிடம்தான் பால் வாங்கும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குத் துணி தைக்கிற ஒரு கடையில் துணி வெட்டிக் கொடுக்கும் கட்டர். மாமனார் மாமியார் போன பிறகு அவருடைய தங்கை எங்களோடு இருந்தாள். அவளுக்குக் கோலார் தங்கவயலில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதெல்லாம் எங்களால் செய்யக்கூடியதாக இருந்தது. இப்படி ஒரு சம்பந்தம் அமைவது லேசு இல்லை. என் நாத்தனார் தன் கல்யாண ரவிக்கைகளைத் தானே தைத்துக்கொண்டிருந்தாள். தையலில் அண்ணனைவிடக் கெட்டிக்காரி.

பள்ளிக்கூடம் திறந்து பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலை நேரம் நாத்தனார் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகல் வெளிச்சத்தில் ஒரு எலி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. மனிதர்களைக் கண்டு அது ஓடவில்லை. குடித்தவன் மாதிரித் தள்ளாடி நடந்து, அம்மிக்கு அருகில் வந்து, சுற்றிச் சுற்றி விழுந்து செத்துப்போனது. நானும் அவளும் அம்மியை விட்டுத் தள்ளி நின்றோம். அவள்தான் முதலில் பேசினாள். "அண்ணி, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

என் வீட்டுக்காரர் முறத்தில் தள்ளி எடுத்துக்கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். ஒன்றுதானே என்றார். மறுநாள் பரண் மேலிருந்து நாற்றம் வந்தது. ஏறிப் பார்த்தால் அங்கே இன்னும் இரண்டு. அதையும் கொளுத்தினார். கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டே, "கல்யாணம் முடியட்டும். அப்புறம் நாமளே வீட்டை ஒழிச்சுச் சுத்தம் பண்ணிக்கலாம்" என்றார்.

"கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்குங்க" என்றேன்.

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். கொட்டகைக்குப் போன வீட்டில் பெண் எடுக்க யாரும் வரமாட்டார்கள். அவருக்கும் நான் என்ன நினைத்தேன் என்று தெரிந்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் ஒரே கூரை. எங்கள் பரணில் செத்த எலி அதற்கு முந்தின நாள் எந்த வீட்டுப் பரணில் ஓடியது என்று யார் சொல்ல முடியும்? முற்றத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரவு முழுக்க மகளுடைய கழுத்தையும் அக்குளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி படுத்திருந்தேன். பிளேக் கட்டி எதுவும் இல்லை.

காலையில் அவளை வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். கேட் வந்ததும் கையை விடவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் படி இறங்கி வருவதற்குள்ளேயே, "டீச்சரம்மா, கிட்ட வராதீங்க. எங்க வீட்டுல எலி விழுந்திருக்கு" என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "எத்தனை பேர் இருக்கீங்க உங்க வீட்டுக் காம்பவுண்டுல?" என்று கேட்டார். சொன்னேன். "இனிமே என்ன நடக்கும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"சரி. பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. நான் ஆள் அனுப்பறேன்." அவ்வளவுதான். ஒரு பாராட்டு இல்லை, ஆறுதலும் இல்லை. அவர் முகத்தில் எனக்காக ஒரு வருத்தம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் செய்த காரியத்தின் கனம் எனக்கு உறைத்தது.

மத்தியானத்துக்குள் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்துவிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டு ஓட்டையும் பிரித்தார்கள். அரிசி, பருப்பு, படுக்கை எல்லாம் முற்றத்துக்கு வந்தது. பாதியைக் கொளுத்தச் சொன்னார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை உடனே திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பால்காரம்மா என் எதிரில் வந்து நின்றாள். "ஏன் அக்கா, ஸ்கூல்ல சொன்னா நீ செஞ்சிடுவியா? என் மாட்டுப் பாலை இனிமே யார் தொடுவாங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அன்று முதல் அவளிடம் யாரும் பால் வாங்கவில்லை.

ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் கொட்டகைகள். மூங்கில் தட்டிதான் சுவர், மேலே தகரம். குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளேயே ஓடும். முதல் நாளே டாக்டர் ஊசி போட வந்தார். அந்த ஊசியைப் பற்றி ஊரில் இல்லாத கதை கிடையாது. போட்டால் பிள்ளை பெற முடியாது என்று கூடச் சொல்வார்கள். ஆண்கள் உட்பட எல்லோரும் பின்வாங்கி நின்றார்கள். என் நாத்தனார் எழுந்து போய் முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ஏன் என்று பின்னால் கேட்டதற்கு, "இனிமே எனக்கு என்ன போகப்போகுது" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

தங்கவயலிலிருந்து ஒரு உறவுக்காரர் வந்தார். கொட்டகைக்கு வெகு தூரத்திலேயே நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் எட்ட நின்று கத்திப் பேசிக்கொண்டதால் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். தப்பாக நினைக்க வேண்டாமாம். என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். நாத்தனார் தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று எங்கள் தடுப்பில் யாரும் சாப்பிடவில்லை.

ஊசி போட்டதில் அவளுக்கு நல்ல ஜுரம். கை வீங்கிப் பாறை மாதிரி ஆகிவிட்டது. நான் ஈரத்துணி வைக்கப் போனால் கையைத் தள்ளிவிட்டாள். வெளியே வந்து உட்கார்ந்திருந்தேன். பால்காரம்மா ஒரு செம்போடு வந்தாள். மாடுகளையும் கொட்டகைப் பக்கத்திலேயே கட்டியிருந்தாள். விற்காத பாலைக் கன்றுக்கு விட்டது போக மீதியைக் காய்ச்சி எடுத்து வந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே உள்ளே போய், நாத்தனாரைத் தூக்கி உட்கார வைத்துக் குடிக்க வைத்தாள். வெளியே வரும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பிடம்மா, ஆகித்து ஆய்து" என்றாள். விடம்மா, ஆனது ஆச்சு என்று அர்த்தம். என் மேல் கோபம் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கோபத்தோடேயே பால் கொண்டுவந்தாள் என்றுதான் நினைக்கிறேன். தினமும் கொண்டுவந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பிளேக் விழுந்தது. அங்கேயும் எலி செத்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. என் மகளோடு படித்த ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். எங்கள் காம்பவுண்டில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. சேதி வந்த அன்று கொட்டகையில் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி தடுப்பைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தார். வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். கொட்டகைக்கு வந்த பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

வீடு திரும்பினோம். ஓடு மாற்றினோம். மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். பால்காரம்மாவின் வாடிக்கை திரும்ப அடுத்த வருஷம் ஆடி மாதம் ஆகிவிட்டது. எங்கள் காம்பவுண்டு தப்பித்தது என்னாலா, ஊசியாலா, வெறும் அதிர்ஷ்டத்தாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சும்மா இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். கல்யாணமும் நடந்திருக்கலாம். வந்திருக்க வேண்டிய சாவு வராமல் போனால் அதற்குச் சாட்சி சொல்ல யாரும் இருப்பதில்லை.

நாத்தனாருக்கு அதற்குப் பிறகு சில வருஷம் வரன் அமையவில்லை. கடைசியில் சேலத்தில் ஒருவருக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர்தான். ஆனால் மூத்த தாரம் இறந்தவர், இவளைவிட வயது மிக அதிகம். வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். என்னோடு வேண்டிய அளவு பேசுவாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட வராது.

அவளுடைய மகனுக்கு நாலைந்து வயதானபோது திடீரென்று சேலத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளைக்கு விட்டு விட்டு ஜுரம் அடிக்கிறது, அங்கே வைத்தியர் ஒன்றுமில்லை என்கிறார், மனசு கேட்கவில்லை என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மலேரியா. கொயினா மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளை தேறினான்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், இருவரும் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தோம். அத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டேன். "என் மேல இன்னும் கோபம் இருக்கா?"

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "இருக்கு அண்ணி. போகும்னு நினைச்சேன், போகலை" என்றாள். அடுத்த துணியைப் பிழிந்துகொண்டே, "ஆனா சேலத்துல அந்த வைத்தியர் ஒண்ணுமில்லைன்னு சொன்னப்ப, எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. மத்தவங்க எல்லாம் என் மனசு நோகக்கூடாதுன்னு ஏதாவது சொல்லுவாங்க. நீங்க சொல்லமாட்டீங்க" என்றாள்.

மறுநாள் ரயிலேற்றிவிட்டு வந்தேன். பாராட்டா குறையா என்று அதைப் பிரித்துப் பார்க்க நான் முயற்சி செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்று என் பிள்ளைகளிடம் நான் சொன்னதில்லை; சொல்லிவிட்ட பிறகும் அதே மனிதர்களோடு ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்து வாழவேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்துத் துணிந்துகொண்டு சொல்லுங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.