முடக்கில் நின்ற லொறி

எங்கள் லொறி இந்த நிமிஷம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், கல்முனையில் என் குசினியில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். கடைகளுக்கு பிஸ்கட்டும் சவர்க்காரமும் போடுகிற சின்ன லொறி. என் கணவர்தான் ஓட்டுகிறார். பக்கத்துத் தெருவில் ஒரு லொறி களவு போன பிறகு, செய்மதி வழியாக இடம் காட்டுகிற கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டினார். கடைக்காரர்கள் லொறியைத் தேடி எனக்குத்தான் கோல் எடுப்பார்கள். அதனால் லொறியைப் பச்சைப் புள்ளியாகக் காட்டுகிற மெப்பை என் போனிலும் போட்டுத் தந்தார்.

முதல் வாரம் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. காரைதீவு, நிந்தவூர் என்று அந்தப் பச்சைப் புள்ளி ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே கறியைக் கருக்கினேன். ஒருநாள் புள்ளி கடலுக்குள் நின்றது. நீந்திக்கொண்டா பிஸ்கட் விற்கிறீர்கள் என்று கோல் எடுத்துக் கேட்டேன்.

இரண்டு மாதம் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் கடைகள் எல்லாம் தெற்கே, தம்பிலுவில் வரைக்கும். ஆனால் காலையில் புள்ளி முதலில் வடக்கே போனது. பாண்டிருப்பைத் தாண்டி, மருதமுனையில் தெரு திரும்புகிற ஒரு முடக்கில் இருபது நிமிஷம் நின்றது. அடுத்த நாளும் அதே முடக்கு, அதே இருபது நிமிஷம். அந்த முடக்கு எனக்குத் தெரியும். அங்கிருந்து நாலாவது வீடு மாமியுடையது, அவருடைய உம்மா. ஆனால் புள்ளி ஒருநாளும் அந்த வீடு வரைக்கும் போகவில்லை.

போகவும் முடியாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். போன வருஷம் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுச் சபையில் வைத்து மாமி சொன்னார்: "எங்கட புள்ள அங்க போன நாள் தொட்டு மெலிஞ்சிட்டான்." அத்தனை பெண்கள் முன்னால்! என் வீட்டு அடுப்பையே காலால் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டில்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தில், உம்மாவின் வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று அவர் அல்லாஹ் மேல் சத்தியம் பண்ணினார். பண்ண வைத்தேன் என்பதுதான் சரி.

அப்படியானால் அந்த முடக்கில் யார்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நினைக்கக் கூடாததெல்லாம் நினைத்தேன். மூன்றாம் நாள், புள்ளி பாண்டிருப்பைத் தாண்டியதும் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

முடக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். லொறியின் கதவு திறந்திருந்தது. முன் சீட்டில் மாமி உட்கார்ந்து, பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் றோட்டில் நின்று பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். மாமிக்கு முழங்கால் வருத்தம். ஏறுவதற்குக் கீழே ஒரு குட்டை ஸ்டூல் போட்டிருந்தது. ஒரு மாதமாக நான் வீடு முழுக்கத் தேடிய என் குசினி ஸ்டூல்.

நான் இறங்கவில்லை. அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், வெட்கத்தில்தான்.

அவர் வந்ததும் கேட்டேன். "அந்த முடக்கில ஏன் மச்சான் நிக்கிறீங்க?"

"வாசல் மிதிக்க மாட்டன் எண்டுதானே சத்தியம். நான் றோட்டிலதான் நிக்கிறன்."

"எனக்கு ஏன் மறைச்ச நீங்க?"

அவர் சேர்ட்டைக் கழற்றிக் கொழுவினார். "மறைக்கிறதெண்டா உன்ட போன்ல ஏன் புள்ள போட்டுத் தாறன்?"

இரண்டு மாதமாக இந்த மனிதர் நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார். நான் புள்ளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சத்தியத்தை முறிப்பதென்றால் எங்கள் மார்க்கத்தில் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் அவர். சத்தியத்தை அவர் வாயிலிருந்து பிடுங்கியவள் நான். அதனால் நானே சமைத்தேன். விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு அடுப்பை மூட்டி, சோறும் இறைச்சியும் பருப்பும் ஆக்கிப் பத்துப் பார்சல் கட்டினேன். பத்தையும் யார் யாருக்குக் கொடுப்பதென்று அவருக்குத் தெரியும். பதினோராவது பார்சலை முன் சீட்டில் வைத்தேன். என் வீட்டுச் சாப்பாட்டில் ஆள் மெலிவாரா என்று மாமியே சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

லொறி போன பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். புள்ளி அங்கங்கே நின்று நின்று போனது. பாண்டிருப்பைத் தாண்டியது. முடக்கில் நின்றது. பிறகு மெல்ல அசைந்து, ஒரு வீடு, இரண்டு வீடு தாண்டி, நாலாவது வீட்டில் போய் நின்றது. இருபது நிமிஷம் போனது. ஒரு மணித்தியாலமும் போனது. புள்ளி அசையவே இல்லை.

தம்பிலுவில் கடைக்கார அண்ணன் கோல் எடுத்தார். "லொறி எங்க நிக்குது தங்கச்சி?"

"உம்மா வீட்டில நிக்குது அண்ணன்," என்றேன். "இண்டைக்குப் பிந்தித்தான் வரும்."